வயசானால் பல் விழத்தான் செய்யுமா?



நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு ஓடியது. பல் டாக்டரிடம் போய் கிளீனிங் செய்துகொண்டால் நன்றாக இருக்கிற பல்லும் ஆட ஆரம்பித்துவிடும் என்று ஒருவர் எழுத, வரிசையாகப் பத்துப் பேர் "ஆமாம் ஆமாம்" என்றார்கள். "அறுபது தாண்டினா பல் போறது சகஜம்தானே, அதுக்கு எதுக்கு செலவு?" என்று ஒரு பெரியவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் எனக்கு மூத்தவர், மதிப்புக்குரியவர். ஆனாலும் முப்பத்தைந்து வருடம் உயிரியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே நீளமாக எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயசானதால் மட்டும் பல் விழுவதில்லை. நம் ஊரில் பெரியவர்களின் பல் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பல வருடமாக யாரும் கலைக்காமல் விட்ட ஊத்தை. வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாத்திரைகளால் உமிழ்நீர் குறைகிறது, கை நடுங்குகிறது, கண்ணாடியில் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் இதெல்லாம் ஊத்தை சேர வசதி செய்து கொடுக்கிற விஷயங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் மவுத்வாஷ், மாத்திரை, ஆயில் புல்லிங் என்று அலைகிறோம். ஊத்தை என்றால் என்ன என்று தெரிந்துவிட்டால், எது உதவும், எது உதவாது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தண்ணீர்க் குடத்தின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் தேய்க்காமல் இருந்தால் உள்சுவர் வழவழ என்று இருக்கும். தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் தெரியும். அந்த வழவழப்பைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போகாது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். போன மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்குகிறதே, அதுவும் இந்த ஜாதிதான். நுண்ணுயிர்கள் ஈரமான ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கிற அமைப்பு இது. பயோஃபிலிம் என்பார்கள். தமிழில் உயிரிப்படலம் என்று எழுதுகிறார்கள். பல் ஊத்தை என்பது பல்லின் மேல் உண்டாகிற உயிரிப்படலம். சாப்பாட்டுத் துணுக்கு அது இல்லை. ஒரு நாள் முழுக்கப் பட்டினி இருந்தாலும் ஊத்தை சேரும்.

ஏன் பல்லில் மட்டும் இவ்வளவு சேர்கிறது, கன்னத்தின் உட்பக்கத்தில் சேர்வதில்லை? என்னிடம் பிளஸ் ஒன் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் மெல்ல வழித்து, சிலைடில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம், நினைவிருக்கிறதா? தட்டையான கன்னச் செல்கள், நடுவில் நீலமாக உட்கரு. "டீச்சர், செல் மேலே புள்ளி புள்ளியா என்ன?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பீர்கள். அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். கன்னச் செல் அவ்வளவு எளிதாக வழிந்து வந்ததற்குக் காரணம், அது எப்படியும் உதிரப்போகிற செல். தோலும், நாக்கும், குடலும் எல்லாமே மேல் அடுக்கை உதிர்த்துக்கொண்டே இருப்பவை. உதிரும்போது ஒட்டியிருக்கிற பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். பல்லின் எனாமல் உதிராது. ஒருமுறை முளைத்தால் முளைத்ததுதான். குடியேறுகிறவனுக்கு இதைவிட நல்ல மனை வேறு எங்கே கிடைக்கும்? பல் முளைக்காத குழந்தையின் வாயில் இருக்கிற பாக்டீரியாக் கூட்டமும் பல் முளைத்த பிறகு இருப்பதும் வேறு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியேற்றம் நடக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு இது அலுக்காத பாடம். நீங்கள் பல் தேய்த்து வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே, உமிழ்நீரில் இருக்கிற புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. இந்தப் பூச்சு பல்லுக்கு நல்லதுதான், அமிலத்திலிருந்து ஓரளவு காக்கும். ஆனால் இதில்தான் முதல் ஆட்கள் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், சங்கிலி சங்கிலியாக இருக்குமே, அவை. கூடவே ஆக்டினோமைசிஸ். சில மணி நேரத்தில் இவை பெருகிப் பசை சுரக்கின்றன. இப்போது அடுத்து வருகிறவருக்குப் பல் தேவையில்லை, முதலில் வந்தவரின் முதுகே போதும். ஒரு வகை பாக்டீரியா இன்னொரு வகையின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். யார் யாரைப் பிடிப்பது என்பதற்கு ஏறக்குறைய ஒரு கணக்கே இருக்கிறது. நீண்ட இழை ஒன்றின் மேல் உருண்டை பாக்டீரியாக்கள் நெருக்கமாக ஒட்டி, மக்காச்சோளக் கதிர் மாதிரி நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஃபியூசோபாக்டீரியம் என்று ஒன்று, நீளமாக, இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அதுதான் பாலம். முதலில் வந்தவர்களையும் அது பிடிக்கும், கடைசியில் வருகிறவர்களையும் பிடிக்கும். அது வந்து சேர்ந்த பிறகுதான் ஈறு நோயின் பெரிய ஆட்கள் தங்க இடம் கிடைக்கிறது.

நாள் ஆக ஆகப் படலம் தடிக்கிறது. மேலே இருப்பவர்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுவதால் அடியில் ஆக்ஸிஜன் இல்லை. ஆக்ஸிஜன் பட்டால் சாகிற பாக்டீரியாக்களுக்கு அது நல்ல இருட்டறை. பசைக்கு நடுவே வாய்க்கால் மாதிரி நீர்வழிகள் ஓடுகின்றன. ஒருவரின் கழிவு இன்னொருவருக்குச் சாப்பாடு. வேதிப்பொருள்கள் மூலம் ஒன்றுக்கொன்று சைகை காட்டிக்கொள்கின்றன. ஒரு மில்லிகிராம் ஊத்தையில் 10 கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள். மனிதர்களின் வாய்களில் இதுவரை 700 வகைகளுக்கு மேல் அடையாளம் கண்டிருக்கிறார்கள், ஒருவர் வாயில் எல்லாம் இருக்காது. இந்தப் படலத்தை அப்படியே விட்டால் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து கல்லாகிறது. அதற்குத் தமிழில் பற்காரை என்று பெயர். என்ன பொருத்தமான சொல் பாருங்கள், சுவரில் பூசுகிற அதே காரைதான். கீழ் முன்பற்களின் பின்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாசல் அங்கே இருப்பதால் அங்கேதான் முதலில் படியும். ஊத்தையை நீங்களே எடுக்கலாம். காரையைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும், ஊசியையும் பிளேடையும் வைத்து நோண்டாதீர்கள்.

இனி மவுத்வாஷ். 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று டிவியில் வருகிற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு 1683-ஆம் வருடம் ஞாபகம் வரும். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், தானே செய்த லென்ஸில் எதையெதையோ பார்த்தவர், தன் பல்லையும் பார்த்தார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர் அவர். தன் வயதுக்காரர்களைவிடத் தன் பல் சுத்தம் என்று அவருக்குப் பெருமையும் உண்டு. அப்படியும் பல் இடுக்கில் கெட்டியான மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. அதை எடுத்து மழைநீரில் கலந்து பார்த்தால், உள்ளே உயிருள்ளவை துள்ளி ஓடுகின்றன. செப்டம்பர் 17 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்திருக்கிறார். அதில் இன்னொன்றும் சொல்கிறார். வினிகரால் வாயைக் கழுவிப் பார்த்தார், பல்லில் இருந்தவை சாகவில்லை. அந்தப் பொருளை வெளியே எடுத்து வினிகரில் கலந்தால் செத்துப்போயின. ஆகவே வினிகர் வெளியில் இருந்தவற்றை மட்டும்தான் கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்று அவரே முடிவு கட்டினார். பாக்டீரியா என்ற பெயர்கூட வராத காலத்தில், இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் உயிரிப்படலத்தைப் பற்றிச் சொல்கிற முக்கியமான சங்கதியை ஒரு துணிக்கடைக்காரர் தன் பல்லில் கண்டுபிடித்துவிட்டார்.

விளம்பரத்தின் கணக்கு தண்ணீரில் தனித்தனியாக மிதக்கிற கிருமிக்குச் சரியாக இருக்கலாம். பல்லில் அவை மிதக்கவில்லை, கோட்டைக்குள் இருக்கின்றன. குளோர்ஹெக்ஸிடின் மாதிரி நல்ல திரவங்கள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, பிரஷ் பிடிக்க முடியாத நிலையில், டாக்டர் சில நாளைக்கு எழுதிக் கொடுப்பார். அது சரி. மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். ஆயில் புல்லிங் செய்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, செய்யுங்கள். ஆனால் அதைச் செய்தேன், அதனால் இன்றைக்குத் தேய்க்கவில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். எல்லாக் கிருமியையும் கொல்ல வேண்டும் என்ற ஆசையும் தப்பு. நாம் சாப்பிடுகிற கீரையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித் தருவது நாக்கில் இருக்கிற பாக்டீரியாக்கள்தான், அது ரத்தக் குழாய்களுக்கு உதவி செய்கிற வேலை. வெளியிலிருந்து வருகிற கெட்டவற்றுக்கு இடம் கொடுக்காமல் வைத்திருப்பதும் உள்ளே இருக்கிற நல்லவைதான்.

இதைவிட எனக்குக் கோபம் வருகிற விஷயம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற கேப்ஸ்யூல். பல் வலித்தால் கடைக்காரரிடம் கன்னத்தைக் காட்டி, மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக், கூட ஒரு வலி மாத்திரை. வலி அடங்கும். மூன்று மாதம் கழித்து மறுபடியும். நெருங்கிய உறவில் ஒருவர் ஒரே வருடத்தில் மூன்று முறை இப்படி வாங்கிச் சாப்பிட்டு, நான்காவது முறை கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான மருந்து, படலத்துக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாமல் போகலாம். பசை தடுக்கிறது, அடியில் இருப்பவை பெருகாமல் அரைத்தூக்கத்தில் இருக்கின்றன, தூங்குகிறவற்றின் மேல் பல மருந்துகளுக்கு வேலையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்துப் பழக்கினால் அவை தாங்குகிற சக்தியையும் வளர்த்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவற்றுக்கு அந்த மரபணுவைக் கைமாற்றியும் கொடுக்கும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரம் உண்டு. அதைப் பல்லைத் திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டும்.

"ரத்தம் வருது டீச்சர், அதனால அந்தப் பக்கம் பிரஷ் போடறதில்லை." பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளே ஒரு பள்ளியில் ஆசிரியை, போனில் சொன்னது. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை இருக்கிறது. ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தினார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. படலத்தில் இருந்த பாக்டீரியாக்களும் நாளுக்கு நாள் மாறின. முதலில் உருண்டைகள், பிறகு இழைகள், கடைசியில் சுருள்கள். அப்புறம் திரும்பத் தேய்க்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் போல ஆயிற்று, ஈறு பழையபடி ஆகிவிட்டது. மருந்து எதுவும் இல்லை. ஆகவே ரத்தம் வருகிற இடத்தைத்தான் கூடுதலாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். பத்து நாள் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் நோய் ஈறைத் தாண்டியிருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது நம்மவர்களைப் பற்றியது. கோத்தகிரியில் நான் வேலை பார்த்த வருடங்களில், இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய தாத்தாக்களும் அப்பாக்களும் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அதே மலையகத்தில், அங்கேயே தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளர்களிடம்தான் ஈறு நோய் பற்றி உலகத்தில் மிகவும் பேசப்படுகிற ஆய்வு ஒன்று நடந்தது. அதே ஹரால்ட் லோ 1970-இல் தொடங்கியது. 480 தமிழ் ஆண்கள், எல்லாரும் இளைஞர்கள். பல் தேய்க்கும் பழக்கமும் கிடையாது, பல் மருத்துவ வசதியும் கிடையாது. 15 வருடம் திரும்பத் திரும்ப அவர்களைப் பரிசோதித்தார்கள். சொத்தைப் பல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை, அதனால் விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால் விழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. எல்லார் பல்லிலும் ஊத்தை, காரை, எல்லார் ஈறும் வீக்கம். ஆனால் விளைவு ஒரே மாதிரி இல்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போயிற்று. அவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் ஒன்றுகூட இல்லை. 81 சதவீதம் பேருக்கு நிதானமாகப் போயிற்று. 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் ஏறக்குறைய விழவே இல்லை.

இதை நான் முதலில் படித்தபோது இரண்டு நாள் மனது சரியில்லை. உலகம் முழுக்க டீ குடிக்கக் கொழுந்து பறித்துக் கொடுத்த சனங்களுக்கு ஒரு பிரஷும், அதைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும் இல்லாமல் இருந்ததால்தான், அவர்கள் வாய் உலகத்துக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று. 45 வயதில் பல்லே இல்லாமல் போனவரை "வயசாயிடுச்சு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

"எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, 90 வயசுல கரும்பு கடிச்சார்" என்று கமெண்ட் போடத் தயாராக இருக்கிறவர்களுக்கும் அந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. உங்கள் தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவர். ஊத்தைக்கு அவருடைய உடம்பு கொடுத்த பதில் நிதானமானது. பல்லைத் தாங்குகிற எலும்பைக் கரைப்பதில் பாக்டீரியாவைவிட, அதை விரட்டப் போய் நம் உடம்பே நடத்துகிற அழற்சிக்குப் பங்கு அதிகம். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிக்கிறவர்களுக்கும் மோசமாகப் போகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினம். நீங்கள் 11-இல் இருக்கிறீர்களா 8-இல் இருக்கிறீர்களா என்பது பல் போன பிறகுதான் தெரியும். எனக்கு அந்தச் சூதாட்டம் பிடிக்கவில்லை.

சரி, குழுவில் கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். கிளீனிங் செய்தால் பல் ஆடுமா? ஆடுவது சில பேருக்கு உண்மையிலேயே தெரியும், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் அன்றைக்கு வந்தது இல்லை. அடியில் எலும்பு எப்போதோ கரைந்துபோய், பக்கத்துப் பக்கத்துப் பற்களைக் காரை சிமெண்ட் மாதிரிப் பிடித்து வைத்திருக்கிறது. காரையை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறும் வடிந்து சுருங்குவதால் இடுக்குகள் தெரியும், சில நாள் பல் கூசும். இடிகிற சுவரைப் பாசி தாங்கிப் பிடித்திருக்கிறது என்று பாசியை விட்டுவைப்போமா? அந்தப் பாசிதான் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆரம்பத்திலேயே போனவர்களுக்கு ஆட்டம் எதுவும் வராது. எனாமல் தேயுமே என்று கேட்பவர்களுக்கு: சரியாகச் செய்கிற ஸ்கேலிங்கில் பல் தேயாது. செங்கல் பொடியும் கரியும் போட்டுத் தேய்த்தால்தான் தேயும். பணம் இல்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, போங்கள், வரிசையில் நிற்க வெட்கப்பட வேண்டாம்.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக. சொத்தைக்கு முக்கியமான ஆள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், 1924-இல் கிளார்க் என்பவர் கண்டுபிடித்தது. மற்ற மாவுச்சத்துகளைவிடச் சாதாரணச் சீனி இதற்கு ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்றால், சீனியை உடைத்துத் தின்பதோடு நிற்காமல், அதை வைத்தே ஒட்டுகிற பசையையும் செய்துகொள்ளும். சாப்பாடும் அதுவே, வீடு கட்டுகிற சாந்தும் அதுவே. தின்றதும் அமிலம் விடும். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே ஒரே வேளையில் இரண்டு லட்டு சாப்பிடுகிறவரைவிட, நாள் முழுக்க அரை கிளாஸ் அரை கிளாஸாக ஏழெட்டு டீ குடிக்கிறவர் பல்லுக்குத்தான் ஆபத்து. பேரப்பிள்ளைக்குத் தூங்கும்போது சீனிப்பால் புட்டியை வாயில் வைத்து விடுகிற பாட்டிமார்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், அந்தப் பால் ராத்திரி முழுக்கப் பல்லில் நிற்கும்.

தேய்க்கிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஒன்றிரண்டு மட்டும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. பிரஷைச் சாய்த்து, பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் முடிகள் படும்படி, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். காலையில் தேய்க்க மறந்தாலும் பரவாயில்லை, ராத்திரி தேய்க்காமல் படுக்காதீர்கள் என்பது என் கட்சி. வேப்பங்குச்சியை மென்று நுனியை நாராக்கித் தேய்த்தவர்கள் அறிவாளிகள், அந்த நார்தான் பிரஷ். ஆனால் குச்சியும் பிரஷும் பல் இடுக்குக்குள் போகாது, அங்கே நூலோ இடுக்கு பிரஷோ வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைகள் பல்லில் இருக்கிற பழுப்புக் கோடு பல நேரம் ஊத்தை அல்ல, தண்ணீரில் ஃபுளோரைடு கூடியதால் வந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைகளை அழ வைக்காதீர்கள், போகாது.

படுக்கையில் இருக்கிற பெரியவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். நம் வீடுகளில் அம்மாவுக்கு பி.பி. பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஸ்கேனுக்குப் பணம் அனுப்புகிறான். குளிப்பாட்டுகிறோம், முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுகிறோம். வாயை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அங்கே சேர்கிற படலம் பல்லைப் பறிப்பதோடு நிற்காது. விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், அதோடு வாயில் இருக்கிற பாக்டீரியாவும் நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் ஓர் ஆய்வு செய்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்களே பிரஷ் வைத்து வாயைச் சுத்தம் செய்தார்கள், மற்றவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை. நிமோனியா வந்தவர்கள் சுத்தம் செய்த பிரிவில் 11 சதவீதம், செய்யாத பிரிவில் 19 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு பிரஷ், ஒரு மனுஷக் கை.

என் மாமியாருக்குக் கடைசி இரண்டு வருடம் நான் செய்தேன். முதல் வாரம் வாயைத் திறக்க மாட்டார், கையைத் தட்டிவிடுவார். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். படுத்தவாக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. குழந்தைகளுக்கான சின்ன பிரஷை நனைத்து உதறி, முதலில் உதட்டில் தொட்டு, பிறகு மெல்ல உள்ளே. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோறு அடைந்திருக்கும், விரலில் ஈரத்துணி சுற்றி எடுக்க வேண்டும். பல்லே இல்லாதவர்களுக்கும் ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிடம். இதை மருமகள் வேலை, ஆயா வேலை என்று ஒதுக்காதீர்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மகனே பிரஷையும் எடுக்கலாம், கை தேய்ந்துவிடாது.

பல்செட் போட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான். பிளாஸ்டிக்கும் உதிராத பரப்பு, படலம் அதிலும் படரும், கேண்டிடா என்கிற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மேலண்ணம் செக்கச்செவேல் என்று இருந்தால் அதுதான். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சோப்பும் மென்மையான பிரஷும் போதும். வென்னீர் வேண்டாம், வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை தவறினாலும் உடையாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு அதோடே தூங்குகிற பெரியவர்கள் நம் குடும்பத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் யார் என்று இன்றைக்கு ராத்திரி பார்த்துவிட்டு எனக்குத் தனிச் செய்தியில் எழுதுங்கள், நானே போன் போட்டுப் பேசுகிறேன். என் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.